பத்து நாள் வெளியே இருந்த திராட்சை ரசம்

அந்த வீட்டில் இரண்டு வருஷமாக ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. சண்டை போட்ட இரண்டு பேரில் ஒருவர் அந்த வீட்டுக்காரர், கடிகாரம் ரிப்பேர் செய்பவர். இன்னொருவர் மூன்று தெரு தள்ளி மருந்துக்கடை வைத்திருந்தார். சண்டையைக் கிளப்பிவிட்டவர்களோ செத்து நூறு தலைமுறை ஆகிவிட்டது. பைபிளில் அவர்கள் திராட்சை ரசம் என்று எழுதிவைத்தார்களே, அது புளித்ததா, புளிக்காததா? இவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு விஷயத்துக்காக அந்த மனுஷர் தலையணை பருமனில் நாலு அகராதி வாங்கி, கடிகாரம் பார்க்கிற லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ரிப்பேருக்கு வந்த கைக்கடிகாரங்கள் முதுகு திறந்து வாரக்கணக்கில் மேஜையில் கிடந்தன.

அவருடைய மனைவியைத் தெருவே தையலக்கா என்றுதான் கூப்பிட்டது. முன்னறையின் ஒரு பாதி அவருடைய மேஜை, மறுபாதி அவளுடைய தையல் மிஷின். பள்ளிக்கூடம் திறக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. சீருடைச் சட்டைகள் வெட்டியது வெட்டியபடி அவள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தன. புழுக்கம் வேறு. ஃபேனைப் போட்டால் வெட்டின துணி பறக்கும், நிறுத்தினால் வேர்வை துணியில் சொட்டும்.

"இங்க பாரேன், இங்க பாரேன். எபிரேய மொழியில மொத்தம் ரெண்டு சொல்லு இருக்கு."

"நேத்தும் ரெண்டுதான் இருந்துச்சு."

"நேத்து சரியா சொல்லல. யாயீன்னு ஒண்ணு. அது பொதுவான சொல்லு, குடிச்சா போதை ஏறுறதும் அதுலதான் வரும். தீரோஷ்னு ஒண்ணு. அது புதுசு. ஒரு இடத்துல அது குலையிலயே இருக்குன்னு வருது. பழக்குலைக்குள்ள இருக்கிறது எப்படிடி சாராயமாகும்? சாறுதானே? அப்போ ஆதி காலத்துல புளிக்காத சாறும் இருந்துச்சுன்னு தானே அர்த்தம்?"

"என்னங்க, எனக்கு முன்னூறு காலர் பாக்கி."

"மருந்துக்கடைக்காரன் என்ன சொல்றான் தெரியுமா? இன்னொரு இடத்துல அந்தத் தீரோஷும் புத்தியக் கெடுக்கும்னு எழுதியிருக்காம். சரி, அதுக்குக்கூட நான் பதில் வச்சிருக்கேன். ஆனா அவன் அடுத்ததா ஒண்ணு கேக்குறான் பாரு. அந்த வெயில்ல, ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துல, சாறு மூணு நாளைக்கு மேல சாறா இருக்குமாங்கிறான்."

"நியாயமாத்தான் கேக்குறாரு."

இதைச் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. மனுஷர் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் பேசினார். சாற்றைக் காய்ச்சி, ஜாடியில் ஊற்றி, வாயை அடைத்து வைத்தால் வருஷக்கணக்கில் கெடாமல் இருக்குமாம். அந்தக் காலத்தில் அப்படித்தான் வைத்தார்களாம். தையலக்கா மிஷினை வேகமாக மிதித்தாள். மிஷின் சத்தத்துக்கு மேல் அவர் கத்தினார். அவருக்கு வாய் வலிக்கவே வலிக்காதா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கடவுளே, ஒரு நாளைக்காவது இந்த மனுஷனுக்குத் தொண்டை கட்டக் கூடாதா?

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. அவர் பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு மது குடித்தவர் இல்லை. மருந்துக்கடைக்காரரும் இல்லை. அவர்கள் இருவரும் போகிற சபையே அப்படி. தாத்தா காலத்திலிருந்து குடியைத் தொடாத குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து கட்டிய சபை அது. அங்கே மாதத்தின் முதல் ஞாயிறு, எல்லாருக்கும் அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து. அதற்குப் புளிக்காத சாறுதான். அந்தச் சாற்றைப் பதினாலு வருஷமாகக் காய்ச்சிக் கொடுப்பவள் தையலக்கா.

அந்த மாதம் சீருடை வேலை கழுத்தை நெரித்ததால், முதல் ஞாயிறுக்குப் பதினொரு நாள் முன்னாடியே காய்ச்சிவிடலாம் என்று புதன்கிழமை உட்கார்ந்தாள். பழத்தை மூன்று தண்ணீரில் அலசி, காம்பு ஒன்றுகூட ஒட்டாமல் கிள்ளி, வாயகன்ற பாத்திரத்தில் போட்டு நிதானமான தீயில் வேகவிட வேண்டும். தோல் வெடித்து நிறம் இறங்கியதும் மத்தால் நசுக்கி, துணியில் வடிகட்ட வேண்டும். துணியைப் பிழியக் கூடாது, பிழிந்தால் கலங்கும். பிறகு இன்னொரு கொதி. கொதிக்கக் கொதிக்க பாட்டிலின் கழுத்துவரை ஊற்றி மூடியை இறுக்கி, வெளிச்சம் படாமல் செய்தித்தாள் சுற்றி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்க வைத்துவிடுவாள். இரண்டு பாட்டில். ஒன்று சபைக்கு, ஒன்று கைக்காவலுக்கு.

அன்று காம்பு கிள்ள அவள் தம்பி வந்திருந்தான். வெல்டர். கை நிறையத் தீப்பொறி பட்ட தழும்பு. எட்டு மாசத்துக்கு முன்பு வரை அவன் எந்தச் சாக்கடை ஓரத்தில் கிடக்கிறான் என்று தேடுவதே தையலக்காவுக்கு ஒரு வேலையாக இருந்தது. பெண்டாட்டி விட்டுவிட்டுப் போய்விட்டாள். இரண்டு பட்டறையில் வேலை போனது. எட்டு மாசமாக ஒரு சொட்டு இல்லை. வேலை செய்கிற பட்டறைக்கு மேலேயே ஒரு அறையில் தனியாக இருந்தான். குடியை விட்டவனுக்குச் சபை உடனே திருவிருந்து கொடுத்துவிடாது. சபையை நடத்துகிற மூப்பர்கள் பார்ப்பார்கள், விசாரிப்பார்கள், யோசிப்பார்கள். போன மாசம்தான் யோசித்து முடித்திருந்தார்கள். வருகிற முதல் ஞாயிறு அவனும் வாங்கலாம்.

"அக்கா, நெஜமாவே எனக்குக் குடுப்பாங்களா?"

"குடுக்கிறேன்னு சொன்னாங்கல்ல. காம்பப் பாத்துக் கிள்ளு."

"கடைசி நேரத்துல யாராவது எழுந்து நின்னு..."

"எவனாவது எழுந்து நிக்கட்டும், அப்புறம் இருக்கு அவனுக்கு. ஏன்டா, வீட்டுல ஒருத்தர் வாயத் தொறந்தா மூடுறதில்ல, நீ தொறந்தா இந்த ஒண்ணையே கேக்குற. என் உசிர வாங்கத்தான் ரெண்டு பேரும் பொறந்தீங்களா?"

அவன் சிரித்தான். அவன் சிரித்து அவள் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. அதற்காக அவள் சந்தோஷப்பட்டாள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. "பல்லக் காட்டினது போதும், அந்தப் பாத்திரத்தத் தூக்கு" என்றாள்.

அப்புறம் பத்து நாள் அவள் தலை நிமிரவில்லை. காலர், கை, பட்டன் துளை. சோறு பொங்குவது, சாப்பிடுவது, மறுபடி மிஷின். ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு விசித்திரமாகப் பட்டது. வீட்டுக்காரர் திடீரென்று வாதம் செய்வதை நிறுத்திவிட்டார். மருந்துக்கடைக்காரர் தெருவில் பார்த்து வம்பிழுத்தால்கூட, "ஞாயித்துக்கெழம பேசிக்கலாம், ஞாயித்துக்கெழம" என்று மீசைக்குள் சிரித்துக்கொண்டு வந்துவிடுவார். தினமும் சாயங்காலம் மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ செய்துகொண்டிருப்பார். கடிகாரம் பார்க்கிறார் போலிருக்கிறது, புத்தி வந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டிலைத் தானே தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றார். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் சபைக்குத் தன் அகராதிப் பையைத் தவிர வேறொன்றையும் தூக்காத மனுஷர்! அப்போதாவது அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவளுக்கோ தம்பி நல்ல சட்டை போட்டிருப்பானா என்பதுதான் கவலை.

சபைக் கூடத்தின் பின்பக்கம் ஒரு சின்னச் சமையலறை உண்டு. அங்கே வைத்துத்தான் கட்டைவிரல் அளவுள்ள கண்ணாடிக் கப்புகளில் சாறு ஊற்றுவது. மூடியைத் திருகியதும் டப்பென்று ஒரு சத்தம் வந்தது. ரொம்ப இறுக்கிவிட்டேன் போல என்று நினைத்தாள். ஊற்றும்போது ஓரத்தில் குட்டிக் குட்டியாய் நுரை நின்றது. ஆடி ஆடி வந்ததால் இருக்கும். பாட்டில் சில்லென்று இருந்தது. அவளுக்கு நேரமும் இல்லை, உள்ளே பாட்டு முடியப்போகிறது. அறுபத்திரண்டு கப்.

அந்தச் சபையில் ஒரு முறை உண்டு. தட்டு வரிசை வரிசையாகப் போகும், ஆளுக்கொரு கப் எடுத்துக்கொண்டு கையிலேயே வைத்திருக்க வேண்டும். போதகர் ஜெபம் முடித்துச் சொன்ன பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் குடிக்க வேண்டும். கப்பை எடுத்துவிட்டுக் குடிக்காமல் திருப்பி வைத்தால், மனசில் ஏதோ பாவத்தை ஒளித்து வைத்திருக்கிறான் என்று அர்த்தம். யாரும் வைக்க மாட்டார்கள். வைத்து யாரும் பார்த்ததில்லை.

தையலக்கா பெண்கள் பக்கத்துப் பெஞ்சிலிருந்து பார்த்தாள். தம்பி மூன்றாவது வரிசை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தட்டு வந்தது. எடுத்தான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.  அப்பாடா என்றிருந்தது.

போதகர் அன்றைக்கென்று நீளமாக ஜெபம் பண்ணினார். அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். தம்பி கப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கப் உதட்டுக்கிட்டே போனது. நின்றது. கீழே இறங்கியது. மறுபடி மேலே போனது. போதகர் ஆமென் சொல்லி, எல்லாரும் குடித்தார்கள். அவன் குடிக்கவில்லை. முன்பெஞ்சின் முதுகில் கப் வைப்பதற்கென்று இருந்த துளையில் கப்பை நிறைய அப்படியே வைத்துவிட்டு, தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

கூடம் முழுக்கக் கிசுகிசுவென்றது. கூட்டம் கலைந்ததும் நாலு பெண்கள் அவளிடம் வந்து, "இந்த மாசம் ரசம் ரொம்ப நல்லா வந்திருக்கு தையலக்கா, சுள்ளுன்னு இருந்துச்சு, என்ன பழம் போட்டீங்க?" என்று கேட்டார்கள். கேட்டுக்கொண்டே கண் மட்டும் மூன்றாவது வரிசைக்குப் போய்ப் போய் வந்தது. மருந்துக்கடைக்காரர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் மூப்பரும்கூட.

"தப்பா எடுத்துக்காதம்மா. தம்பி மறுபடியும் ஆரம்பிச்சுட்டானா?"

அவளுக்கு மண்டைக்குள் எரிந்தது. தம்பியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அவன் மறு கையில் அந்த நிறைந்த கப்பும் வந்தது. அதை ஜன்னல் கட்டையில் வைத்தான்.

"என்னடா இது? என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே? எட்டு மாசம்டா! ஒவ்வொரு மூப்பர் வீட்டுப் படியிலயும் நின்னு கெஞ்சினேன். என் தம்பி திருந்திட்டான், என் தம்பி திருந்திட்டான்னு. திருந்தலன்னா முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

அவன் ஆணியில் தொங்கிய துடைக்கிற துணியை எடுத்தான்.

"குடிச்சியா? நேத்து குடிச்சியா? ஊது."

ஊதினான். காப்பி வாசனைதான் வந்தது. அது அவளை இன்னும் எரிச்சலாக்கியது.

"அப்புறம் ஏன்டா? வாயத் தொறந்து சொல்லேன்!"

"விடுக்கா. கப்பக் கழுவு, நான் தொடச்சுத் தரேன்."

அவள் கழுவினாள். கப்புகள் ஒன்றோடொன்று மோதி உடையாதது ஆச்சரியம். உள்ளே மாதாந்திர வேத ஆராய்ச்சிக் கூட்டம் தொடங்கியிருந்தது. முப்பது பேர் இருப்பார்கள். கதவு திறந்துதான் இருந்தது. அவளுடைய வீட்டுக்காரரின் குரல் வந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல், அகராதிக் குரல்.

"ஆகவே சகோதரரே, ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துல சாறு சாறாவே இருக்க முடியாதுங்கிறதுதானே உங்க வாதம்? சரி. நான் இப்போ புத்தகத்தத் தொறக்கப் போறதில்ல. எல்லாரையும் ஒண்ணு கேக்குறேன். இன்னைக்கு ரசம் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்றார்கள் நாலைந்து பேர்.

"நல்லா இருந்துச்சு! கேட்டுக்குங்க. அந்த ரசம் பத்து நாள் ஃப்ரிட்ஜுக்கு வெளிய இருந்தது! என் மேஜைக்கு அடியில! நேத்து ராத்திரிதான் உள்ள வச்சேன். ஃப்ரிட்ஜுல அது இருந்த எடத்துல தண்ணி பாட்டிலுக்குப் பேப்பர் சுத்தி வச்சிருந்தேன், வீட்டுல இருக்கிறவளுக்கே தெரியாது. தினமும் மூடியத் தொறந்து ஒரு ஸ்பூன் ருசி பாத்தேன். கெடவே இல்ல. நாளுக்கு நாள் ருசி கூடித்தான் போச்சு! போதுமா நிரூபணம்?"

தையலக்காவின் கையிலிருந்து கப் தொட்டிக்குள் விழுந்தது. அவள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் துணியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"கையில எடுத்ததுமே வாசன வந்துடுச்சுக்கா."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ காச்சுனதுன்னுதானே உன்னச் சொல்லுவாங்க? அப்புறம், நான் சொல்லி யாரு நம்புவா? அவன் புத்தி அப்படித்தான், சாறப் பாத்தாலும் அவனுக்குச் சாராயமாத்தான் தெரியும்பாங்க."

அவள் ஜன்னல் கட்டையிலிருந்த கப்பை எடுத்தாள். ஈரக் கையோடு, இடுப்பில் செருகின முந்தானையோடு கூட்டத்துக்குள் நடந்தாள். அந்த ஆராய்ச்சிக் கூட்டத்தில் அதுவரை பெண்கள் யாரும் பேசியதில்லை. நேராக மருந்துக்கடைக்காரர் முன்னால் போய்க் கப்பை நீட்டினாள்.

"ஐயா, உங்க கடையில ஸ்பிரிட் இருக்குல்ல? அந்த வாசன உங்களுக்குத் தெரியும்ல? மோந்து பாத்துச் சொல்லுங்க."

அவர் மோந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மோந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுப் போதகர் வாங்கி மோந்தார்.

"ஆமா" என்றார் மருந்துக்கடைக்காரர். "ஏறியிருக்கு. நல்லாவே ஏறியிருக்கு."

தையலக்கா எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா அது என்ன, அது என்னன்னு அடிச்சுக்கிட்டீங்களே, உங்க வாய்க்குள்ளயே ஊத்தினேன், ஒருத்தருக்காவது தெரிஞ்சுதா? சுள்ளுன்னு இருக்குன்னு பாராட்டுனீங்க! கேட்டுக்குங்க எல்லாரும். இந்தச் சபையில இன்னைக்கு அறுபத்தோரு பேர் குடிச்சிருக்கீங்க, போதகர் ஐயா உள்பட, நானும்தான். குடிக்காதவன் ஒரே ஒருத்தன். அவனத்தான் நீங்க மறுபடியும் ஆரம்பிச்சுட்டானான்னு கேட்டீங்க."

யாரும் மூச்சு விடவில்லை. போதகர் வாயைத் துடைத்துக்கொண்டார். கடிகாரக்காரர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த அமைதி எத்தனை நேரம் இருந்திருக்கும் என்கிறீர்கள்? அரை நிமிஷம்கூட இல்லை. மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "நடந்தது வருத்தமான விஷயம்தான். ஆனா ஒண்ணு கவனிக்கணும். வெப்பமான தேசத்துல சாறு தானாவே..." என்று ஆரம்பித்தார். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "மூடியத் தொறக்காம இருந்திருந்தா?" என்றார். இன்னொருவர், "அந்தக் காலத்து ஜாடியில மூடி ஏது?" என்றார். தையலக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "நாசமாப் போங்க" என்று சபைக் கூடத்தில் நின்றுகொண்டே சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

சமையலறையில் தம்பி இல்லை.  ஓடினாள். வாசலில் அவன் போட்டுக் கொடுத்த இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து குத்த வைத்து உட்கார்ந்திருந்தான். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.  பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்டா. உன்மேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லிட்டேன்."

"தப்பு இல்லாம என்னக்கா. உதடு வரைக்கும் கொண்டு போனேன்."

"குடிக்கலல்ல?"

"ரெண்டு தடவ கொண்டு போனேன். போதகர் முடிக்கவே மாட்டேங்குறாரு. வாசன மூக்குல ஏறிக்கிட்டே இருக்கு. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். சபையே குடுக்குது, அக்கா காச்சுனது, இதுல என்ன பாவம்னு நெனச்சேன். எல்லாரும் சேந்துதானே குடிக்கிறோம், நல்லபடியாத்தானே குடிக்கிறோம்னு." அவன் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். "அவங்களுக்கு அந்தக் கப்போட முடிஞ்சுடும்க்கா. நான் குடிச்சிருந்தா சாயங்காலம் எங்க கெடப்பேன்னு எனக்குத் தெரியும்."

அவன் கழுத்தில் கை வைத்தாள்.  மற்ற நாளாக இருந்தால் திட்டியாவது இருப்பாள்.

கடிகாரக்காரர் வெளியே வந்தார். அகராதிப் பை தோளில் இல்லை. எதிரே வந்து நின்றார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"சொல்லுங்க" என்றாள் தையலக்கா. "எத்தன மொழி படிச்சிருக்கீங்க. ஏதாவது ஒண்ணுல சொல்லுங்க."

"மாப்ள" என்றார் அவர்.  "நான் பாவி. மன்னிச்சுடு."

"விடுங்க மாமா." அவன் நிமிரவில்லை. பிறகு அக்காவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு, சின்ன வயசில் கேட்பதுபோல் கேட்டான். "அக்கா, இன்னைக்கு என்ன ரூமுக்கு அனுப்பாதே. தனியா இருக்க முடியாது. அந்த வாசன போகவே மாட்டேங்குது."

எட்டு மாசத்தில் அவன் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் அவனைத் தூக்கி நிறுத்தினாள்.

"நானும் கூட வரட்டுமா?" என்றார் கடிகாரக்காரர், யாரோ வெளியாளைப்போல.

"வாங்க. ஒரு வார்த்த பேசுனீங்க, தெரியும் சேதி."

வீட்டுக்கு வந்ததும் அவள் சட்டைகளை ஒதுக்கித் தரையில் இடம் பண்ணி அவனை உட்கார வைத்தாள். பட்டன் டப்பாவைக் கொடுத்து, பத்துப் பத்தாகப் பிரித்து வை என்றாள். அவன் பிரித்தான். இரண்டு மூன்று தடவை கையிலிருந்து கொட்டிப்போனது. கடிகாரக்காரர் மேஜையை விட்டு இறங்கி வந்து, சப்பணம் போட்டு எதிரே உட்கார்ந்து, கொட்டின பட்டன்களைப் பொறுக்கிப் பொறுக்கி டப்பாவில் போட்டார். அவன் தூங்கிப்போகும்வரை, சாயங்காலம் ஆறு மணிவரைக்கும், அவர் வாயைத் திறக்கவே இல்லை.